புகை குறைந்த வீடு

நகரத்தின் புகையைக் குறைக்க, புகை குறைந்த வீட்டுக்குப் பரிசு தருவதற்காக வீடு வீடாகக் கணக்கெடுத்துக்கொண்டிருந்த மாநகராட்சிப் பெண், படிவத்திலிருந்த மார்க்குகளைக் கூட்டிப் பார்த்து அசந்துபோனாள்.

"கார் இல்ல, ஏசி இல்ல, ஃபிரிட்ஜும் இல்ல. இந்த வார்டுலயே உங்க வீட்டுப் புகைதான்க்கா கம்மி!"

"இல்லாததுக்கெல்லாம் மார்க்கா?" என்று சிரித்தாள் வீட்டுக்காரி.

"கடைசிக் கேள்வி. அஞ்சு வருஷத்துல வீட்ல யாராவது விமானத்துல போனீங்களா, வந்தீங்களா?"

"இல்லம்மா."

"அப்ப முதல் பரிசு உங்களுக்குத்தான்! ரெண்டு பேரும் சேர்ந்து மேடை ஏறணும்." ஆணியில் தேய்த்து மாட்டியிருந்த ஆண் சட்டையைப் பார்த்தாள். "சார் வேலையிலேர்ந்து எத்தனை மணிக்கு வருவார்?"

"அதைத்தான் நானும் ஆறு வருஷமா கேக்கறேன்."

"புரியலக்கா."

"வெளிநாட்டு விமான நிலையத்துல வேலை. தினமும் இருபது விமானத்துக்கு எண்ணெய் நிரப்புறார். ஒண்ணுல ஏறி வரத்தான் லீவு கிடைக்கல."

பேனா நின்றது.

"ஏம்மா, அவர் ஒரு தடவை வந்துட்டா எத்தனை மார்க் கழிப்பீங்க?"

"இருபதுக்கா. பரிசு போயிடும்."

"இப்பவே கழிச்சிடுங்க."