போனுக்குள்ளை ஒரு பொம்பிளை

எல்லாரும் சுகமா இருக்கிறியளோ பிள்ளையள்? குருநகரிலை லூர்த்தம்மா பட்ட பாட்டைக் கேளுங்கோ.

“பாடினது ஆரெண்டு கேக்கிறன்?”

லூர்த்தம்மா கேக்கக் கேக்க, புருசன் கனிசியஸ் போனைக் கவிட்டு வைச்சிட்டு, கிழிஞ்ச வலை பொத்தவெண்டு கடற்கரைப் பக்கம் போயிட்டார்.

ஒரு கிழமையாய் உந்தக் கூத்துத்தான். மனுசன் கடலாலை வந்ததும், சோறு தண்ணிக்கு முதல் காதுக்கை இயர்போனைச் செருகிப்போடும். கேட்டுக் கேட்டுக் கண் கலங்கும். இண்டைக்கு வயர் கழண்டு விழ, வீடு முழுக்க ஒருத்தியின்ரை குரல். “உம்மைக் காணாமல் உறக்கமில்லைத் துரையே” எண்டு, தேன் மாதிரி.

கேட்டால், கூத்துப் பழக்கிற பேர் போன பழைய அண்ணாவியார் ஒருத்தர் கட்டின கூத்தாம். மன்னாரிலை ஒரேயொருக்காத்தான் மேடையேறினதாம். அண்டைக்கு ஆரோ பதிஞ்சு வைச்சதை, கூட்டாளி ஜெயசுதன் பிரான்சிலை இருந்து இப்ப அனுப்பினவனாம்.

லூர்த்தம்மா என்ன, கூத்துப் பாக்காதவவே? எங்கடை கூத்திலை ராசாத்திக்கும் ஆம்பிளையள்தானே சேலை கட்டிப் பாடுறது. உப்பிடிக் குழையிற குரல் எந்த ஆம்பிளைக்கு இருக்கு? பொய்யெண்டாலும் பொருந்தச் சொல்ல வேண்டாமோ?

உடுப்புகளைப் பையிலை அடைஞ்சா. தமையன் வின்சன்ற்றுக்குப் போன் எடுத்து, உடனை வந்து தன்னைக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னா. அவர்தான் சரியான ஆள். கோயில் பெருநாளிலை அந்தோனியார் சுரூபத்தை முன்னுக்கு நிண்டு ஆர் தூக்கிறதெண்டு சண்டை பிடிச்ச நாள் தொட்டு, மச்சான்மார் ரெண்டு பேருக்கும் கதை பேச்சில்லை.

வின்சன்ற் வந்தும் படலைக்கு வெளியிலைதான் நிண்டார். உவன்ரை வீட்டு முத்தம் மிதிக்க மாட்டன், பையைக் கொண்டு வா எண்டு கரகரத்த குரலிலை இருமி இருமிச் சொன்னார்.

“முதல் உவளின்ரை குரலைக் கேளுங்கோ அண்ணை” எண்டு லூர்த்தம்மா போனைப் போட்டுவிட்டா.

பாட்டு ரெண்டு அடி போகேல்லை, வின்சன்ற் படலையை இறுக்கிப் பிடிச்சார்.

“உதையே உவன் ஒவ்வொரு நாளும் கேக்கிறவன்?”

“ஓம். அழுதழுது கேக்கிறார். ஆரண்ணை உந்தப் பொம்பிளை?”

“மன்னாரிலை உது மேடையேறேக்கை நீ மூத்தவளைப் பெத்துப்போட்டு ஆசுப்பத்திரியிலை, தங்கச்சி. கனிசியஸ்தான் ராசா.” வின்சன்ற் மூக்கை உறிஞ்சினார். “ராசாத்தி நான்.”

உங்கடை வீடுகளிலையும் ஆரும் உப்பிடிச் சந்தேகப்பட்டு மாட்டினதெண்டால், ஒளிக்காமல் எழுதுங்கோ பிள்ளையள்.