ஈரப் பெயின்டில் ஒரு கட்டைவிரல்

ஆபீஸிலிருந்து வந்ததும் அவர் கார் ஷெட்டுக்குள் ஸ்ப்ரே கன்னோடு புகுந்துகொள்வார். கார்களின் பக்கக் கண்ணாடி மூடிகளுக்கு வாடிக்கையாளர்கள் கேட்ட நிறத்தில் பெயின்ட் அடிப்பார், பின்விளக்குகளுக்குக் கறுப்புச் சாயம் ஏற்றுவார்.

மகள் இருந்தவரை ஒரு மூடியாவது ஒழுங்காக முடிந்ததா என்றால், இல்லை. "காஞ்சிருச்சாப்பா?" என்று கேட்கும்போதே ஈரப் பெயின்டில் கட்டைவிரலை அழுத்தியிருப்பாள். வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, தேய்த்து மறுபடி அடிப்பார். ஆறு வயதில் ஒரு காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது.

அதற்குப் பிறகும் எப்போதாவது ஒரு மூடியில் கட்டைவிரல் பதிந்திருக்கும். ஷெட் சாவி அவர் சட்டைப்பையை விட்டு நகர்ந்ததில்லை. தேய்க்க மனம் வராமல் அந்த மூடியை அலமாரியில் வைத்துவிட்டு, வாடிக்கையாளருக்குப் புதிதாக ஒன்றை வாங்கி அடித்துக் கொடுப்பார். இப்படியே வருஷங்கள் ஓடி, அலமாரி நிறைந்துவிட்டது.

ஷெட் பக்கமே எட்டிப் பார்க்காத மனைவி ஒருநாள் டீயோடு உள்ளே வந்தாள். அலமாரியின் முதல் மூடியில் இருந்த குட்டி விரல் தடத்திலிருந்து ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போனாள். முந்தின நாள் பதிந்திருந்த தடத்தில் தன் கட்டைவிரலை வைத்துப் பார்த்தாள். கச்சிதமாகப் பொருந்தியது.

"இப்ப என் உயரம் வந்திருப்பா, இல்லங்க?" என்றாள்.