பக்கத்து வீட்டுச் சாவு

பஸ்ராவின் மத்தியான வெயில் திரைச்சீலையைத் தீய்க்கிறது. குதைபா கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி துப்பாக்கி விளையாட்டை நேரலையில் ஆடிக்காட்டுகிறான். ஒருநாள் நின்றால் போதும், பார்க்கிற இரண்டாயிரம் பேரும் வேறொருவனிடம் ஓடிவிடுவார்கள். தெருப் பந்தலில், அப்பாவின் சாவுக்கு வருகிறவர்களுக்குக் கைகொடுக்க அவன் உட்கார வேண்டிய நாற்காலி காலியாகக் கிடக்கிறது. கூடத்தில் பெண்கள் வைக்கும் ஒப்பாரி மைக்கில் விழுந்துவிடுகிறது. "யாருண்ணே அழறது?" என்று திரையோரத்தில் ஒருவன் எழுதுகிறான். "பக்கத்து வீட்டுல ஒரு பெருசு போயிருச்சுப்பா," என்கிறான் குதைபா, குண்டு நிரப்பிக்கொண்டே. திரையெங்கும் இதயப் பொம்மைகள் பறக்கின்றன. திரும்பினால் கதவருகே அம்மா, கையில் சர்க்கரை போடாத துக்கக் காப்பி. எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. கோப்பையை மௌஸ் பக்கத்தில் வைக்கிறாள். "குடிங்க தம்பி. எங்க வீட்டுக்காரர் தவறிட்டாரு."