பையின் ஒரு பக்கம்

"பையைக் கொடு. எட்டு இருபது வண்டி போயிரும்."

ஏசுதாஸ் வாசலில் நின்று மூன்றாவது தடவையாகக் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். உள்ளே அவன் மனைவி ஜெயசீலி அசைந்துகொடுக்கவில்லை. அவனுடைய ஆபீஸ் தோல் பையை மடியில் வைத்து, துணியில் விளக்கெண்ணெயைத் தொட்டுத் தொட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

பம்பாயில் டிராமை நிறுத்தின வருஷம், மே மாதம். தாராவியில் காலையிலேயே வேர்த்து ஊற்றியது. ஏசுதாஸுக்கு வேர்த்ததற்கு வெயில் மட்டும் காரணமில்லை.

வேலை போய் இருபது நாள் ஆகிறது. ஃபோர்ட்டில் அவன் குமாஸ்தாவாக இருந்த கம்பெனி, ஆள் குறைப்பு என்று சொல்லி ஒரே நாளில் பதினொரு பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது.

வீட்டில் சொல்லவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வான்? அந்தச் சந்தில் அத்தனை பேரும் தோல் பட்டறைக்குப் போகிறவர்கள். வெள்ளைச் சட்டை போட்டு ஃபோர்ட்டுக்குப் போகிறவன் அவன் ஒருத்தன்தான். மாமனார் தோல் பதனிடுகிறவர் என்பதை ஆபீஸில் மூச்சுவிட்டதில்லை. பட்டறை ஆட்கள் பக்கத்தில் வந்தால் அவன் கைக்குட்டை தானாக மூக்குக்குப் போகும். இப்போது அவர்கள் முன்னால் போய் வேலையில்லாமல் நிற்பதா?

ஆகவே தினமும் எட்டு இருபதைப் பிடித்தான். முதல் வாரம் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினான். எல்லா இடத்திலும் ஒரே பதில்தான். அப்புறம் வொர்லி கடலோரச் சுவர். தாதர், மாதுங்கா என்றால் தெரிந்த தமிழ் முகம் ஒன்றாவது எதிரில் வந்துவிடும். வொர்லியில் யார் பார்க்கப் போகிறார்கள்? பையை மடியில் வைத்துக்கொண்டு, கடலைப் பார்த்தபடி சாயங்காலம் வரை உட்கார்ந்திருப்பான். உட்கார்ந்திருப்பான் என்று பேர்தான். நிமிஷத்துக்கு ஒருதரம் எழுந்து நடப்பான், திரும்ப வந்து உட்காருவான்.

வீட்டுக்கு வந்தாலோ இந்தப் பைக் கூத்து.

அது அவர்கள் கல்யாணத்துக்கு மாமனார் தன் கையாலேயே தைத்துக் கொடுத்த பை. முன்பெல்லாம் மாதம் ஒருதரம் எண்ணெய் காட்டுவாள். இப்போது என்ன வந்ததோ, காலையும் மாலையும் அதே வேலை. அவன் உள்ளே நுழையும்போதே பையைப் பிடுங்குவாள். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள், விரலால் தடவுவாள், ஈரத்துணியால் துடைப்பாள், எண்ணெயை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

பக்கத்து வீட்டு ஏஞ்சலம்மாள் சும்மா இருப்பாளா? பச்சைப்பிள்ளைக்குக்கூட இப்படி எண்ணெய் தேய்த்து நான் பார்த்ததில்லையம்மா என்று சிரித்தாள். இவளும் கூசாமல், ஆபீஸ் போகிறவர் பை பளபளவென்று இருக்க வேண்டாமா அக்கா என்று சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி பதில் சொன்னாள்.

பவுசு. வேறென்ன? கட்டின புருஷன் சோறு இறங்காமல் தவிப்பது கண்ணில் படவில்லை. பை மினுங்கினால் போதும் இவளுக்கு.

நாளை மறுநாள் ஒன்றாம் தேதி. சம்பளக் கவர் எங்கே என்று கேட்பாள். ராத்திரி முழுக்கப் பொட்டுத் தூக்கம் இல்லை. இவளானால் நிதானமாகப் பையின் மூலை மடிப்பைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள்.

அவனுக்குப் பொறுக்கவில்லை. செருப்போடு உள்ளே வந்துவிட்டான்.

"நிறுத்து உன் பவுசை. அந்தப் பையைப் பாக்கிற கண்ணால என்னைக்காவது என்னைப் பாத்திருக்கியா நீ?"

ஜெயசீலி கை நின்றது. எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். திரும்பி வந்து பையை அவன் முன்னால் நீட்டினாள்.

"இந்தப் பக்கத்தைப் பாருங்க."

புதுசு மாதிரி இருந்தது.

"இப்பம் அந்தப் பக்கத்தைப் பாருங்க."

எத்தனை எண்ணெய் குடித்தும் அந்தப் பக்கம் வெளுத்திருந்தது. பூட்டைச் சுற்றி மயிரிழை மயிரிழையாக வெடிப்பு.

"ஆபீஸ்ல மேசைக்கடியில கெடக்க பைய வெயிலு இப்படித் திங்குமா?" என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கிற குரலில். "தெனமும் தொடைக்கையில உப்பு வேற பூத்து வருது. கடக்கரையிலதான இருக்கீய?"

ஏசுதாஸ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"ஆயிப்போச்சு ஒரு வாரம். நீங்களாச் சொல்லுவீயன்னு இருந்தேன்."

"தெரிஞ்சுமா இந்த எண்ணெயும் துணியும்?"

"தெரிஞ்சதுனாலதான். வெளிய நிக்கவங்க அத்தன பேரும் தோலுலயே பொழங்குறவங்க. ஒரு பார்வையில எனக்குப் புரிஞ்சது அவுகளுக்குப் புரியாதா? ஒருத்தர் உங்களை ஒரு சொல் சொல்லிட்டா நீங்க தாங்குவீயளா?"

வெளியே ஏஞ்சலம்மாள் குரல் கேட்டது. சார் இன்னும் கிளம்பலையா, வண்டிக்கு நேரமாகலையா என்று விசாரித்தாள்.

"இந்தா ஆபீஸுக்குக் கெளம்பிட்டாக அக்கா" என்று ஜெயசீலி உரக்கச் சொன்னாள். கதவைத் திறக்குமுன் பையை அவன் கையில் கொடுத்தாள். வெளுத்த பக்கம் அவன் உடம்போடு ஒட்டியிருக்கும்படி திருப்பிக் கொடுத்தாள். பிறகு முந்தானையால் அவன் முகத்து வேர்வையைத் துடைத்தாள்.

"பைன்னா எண்ணெயப் போட்டு மறைச்சிருதேன். கறுத்துக் கெடக்க உங்க மூஞ்சிய நான் என்ன செய்ய? இன்னைக்காவது நெழலாப் பாத்து உக்காருங்க."