பக்கத்து அடுப்பு

“எனக்கு வேண்டாம்மா. நான் அவா அடுப்புத் தீக்காகக் காத்துண்டிருக்கேன்” என்றாள் விஜயலக்ஷ்மி.

எரியும் ஓலையை நீட்டிக்கொண்டு நின்ற மாடம்மாள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். ஆரியசாலை மொத்தக்கடை ஒன்றில் மிளகாய் வற்றல் தரம் பிரிக்கிறவள். வெயிலுக்குத் தலையில் துண்டு கட்டியிருந்தாள். இன்று காலை பக்கத்துப் பக்கத்தில் செங்கல் அடுக்கி அடுப்புப் போட்டதைத் தவிர இருவருக்கும் வேறு பழக்கம் கிடையாது.

திருவனந்தபுரத்தில் பெண்கள் தெருவெல்லாம் அடுப்புப் போட்டு அம்மனுக்குப் பொங்கலிடும் ஆற்றுக்கால் பொங்காலை நாள். கோயிலில் மூட்டிய தீ அடுப்புக்கு அடுப்பு கைமாறி வந்து, தெரு முழுக்கப் பொங்கல் பானைகளும் புகையுமாக இருந்தது. விஜயலக்ஷ்மியின் அடுப்பு மட்டும் பற்றவில்லை. சற்றுத் தள்ளி, போலீஸும் செல்போன்களும் சூழ்ந்திருந்த இடத்தில்தான் நடிகை ஹேமலேகா அடுப்புப் போட்டிருந்தாள். வாங்கினால் அந்தத் தீதான் என்று ஒற்றைக்காலில் நின்றாள் விஜயலக்ஷ்மி.

காரணம் இருந்தது. மறுநாள் அவளுக்குப் புற்றுநோய்க்கான முதல் மருந்து ஏற்ற வேண்டும். பயந்துபோய் ஏற்கெனவே தேதியைத் தள்ளிப் போட்டவள். ஹேமலேகாவுக்கும் அதே நோய் வந்துதான் போயிற்று. மொட்டைத் தலையோடு டிவியில் வந்து அவள் சிரித்தாளே ஒரு சிரிப்பு, அதைப் பார்த்த நாளிலிருந்து விஜயலக்ஷ்மியின் பூஜை அலமாரியில் அம்பாளுக்குப் பக்கத்தில் ஹேமலேகாவின் படமும் ஏறிவிட்டது. யமனையே வாசலோடு திருப்பி அனுப்பியவளைக் கும்பிடாமல் வேறு யாரைக் கும்பிடுவது? அவள் அடுப்புத் தீ கிடைத்தால் நாளை ஆஸ்பத்திரி, கிடைக்காவிட்டால் இல்லை என்று மகள் சுப்ரியாவிடம் தீர்மானமாகச் சொல்லியிருந்தாள்.

கூட்டத்துக்குள் முட்டி மோதிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினாள் சுப்ரியா.

“ஒரு அடி உள்ள போக முடியலைம்மா. அவாளும் நம்மளாட்டம் மனுஷிதானே? பக்கத்துல குடுக்கற தீயை வாங்கிக்கோயேன்.”

“நோக்குப் புரியாது. அவ பிழைச்சு வந்தவடி.”

மாடம்மாள் நிமிர்ந்து விஜயலக்ஷ்மியின் முகத்தைப் பார்த்தாள். “மனசு மாறுனா சொல்லுங்கம்மா. நான் இங்கனதான் நிப்பேன்” என்றாள்.

அவள் பானை பொங்கி வழிந்து அடங்கியும் உட்காரவில்லை. கையிலிருந்த ஓலை எரிந்து தீரத் தீர இன்னொன்றைப் பற்றவைத்துக்கொண்டு நின்றாள். இவள் ஏன் நம்மை விடாமல் சுற்றுகிறாள் என்று விஜயலக்ஷ்மிக்கு எரிச்சல்கூட வந்தது.

திடீரென்று கூட்டம் விலகியது. ஹேமலேகா நேராக அவர்களை நோக்கி நடந்து வந்தாள். விஜயலக்ஷ்மி பதறி எழுந்து கைகூப்பினாள், கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. அப்போதுதான் ஹேமலேகாவின் கையிலிருந்த ஓலையைக் கவனித்தாள். அது பற்றவைக்காத ஓலை.

விஜயலக்ஷ்மியைப் பார்த்துப் புன்னகைத்துவிட்டு ஹேமலேகா அவளைத் தாண்டிப் போனாள்.

“என்ன சேச்சி, எல்லா அடுப்பும் பத்தியாச்சு. என்னோடது மாத்திரம் உங்க தீக்குக் காத்துட்டிருக்கு” என்றாள் மாடம்மாளிடம்.

“பக்கத்து அடுப்பு பத்தாம ஒனக்கு எப்படிம்மா கொண்டு வருவேன்?”

விஜயலக்ஷ்மிக்கு ஒன்றும் புரியவில்லை. “உங்களுக்கு... இவா தீயா?” என்று தடுமாறினாள்.

“வருஷா வருஷம் இவங்க தீதான். எனக்கு மருந்து ஏத்துறப்போ பக்கத்துப் படுக்கை சேச்சிதான், அவங்களுக்கும் அதே மருந்து. நான் பயந்து பாதியில ஓடப் பாத்தேன், கையைப் பிடிச்சு உட்கார வச்சுட்டாங்க. டிவியில நான் சிரிச்சேனே, அந்தச் சிரிப்பே இவங்ககிட்ட கத்துக்கிட்டதுதான்.”

மாடம்மாள் கூச்சத்தோடு சிரித்தாள். டிவியில் பார்த்த அதே சிரிப்பு.

விஜயலக்ஷ்மி தன் ஓலையை மாடம்மாளின் அடுப்பில் நீட்டியபடி, “சுப்ரியா, நாளைக்குக் காலம்பற ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ சொல்லிடு” என்றாள்.