கைக்கு வந்த குழந்தை

விமானத்தின் ஜன்னலோர இருக்கைப் பெண், "அண்ணா, ரெண்டே நிமிஷம், பாத்ரூம் போயிட்டு வந்துடறேன், இவளைக் கொஞ்சம் பிடிச்சுக்குங்க" என்று சொல்லி, பதிலுக்குக் காத்திராமல் கைக்குழந்தையைப் பக்கத்து இருக்கை வெல்டரின் மடியில் இருத்திவிட்டுப் போகிறாள். அவன் மூச்சைப் பிடித்துக்கொள்கிறான். தீப்பொறி பட்டுத் தழும்பேறிய கைகளைக் குழந்தையின்மேல் படாமல் வேலிபோல் விரித்து வைக்கிறான். ஊரில் ஒரு மாத விடுப்பு முடிந்து வெளிநாட்டு வேலைக்குத் திரும்புகிறான் அவன். அந்த மாதம் முழுவதும், ஒன்றரை வயது மகள் அவனைக் கண்டாலே தாயின் தோளில் முகம் புதைத்து வீறிட்டாள். ஒருநாள்கூட அவன் கைக்கு வரவில்லை. இதுவும் இப்போது அழப்போகிறது என்று காத்திருக்கிறான். அது அழவில்லை. இறக்கையில் பட்டுத் தெறிக்கும் மாலை வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி, அவனுடைய சட்டைப் பொத்தானைச் சப்புகிறது. பிறகு தலையை அவன் மார்பில் சாய்த்துக்கொள்கிறது. எஞ்சின் ஒரே சீராக இரைகிறது. சட்டையில் எச்சில் ஈரம் மெல்லப் பரவுகிறது, அவன் அசையவில்லை. திரும்பி வந்த தாய் இடுப்பில் கைவைத்து நிற்கிறாள். "அடி கள்ளி! யார்கிட்டயும் போகமாட்டாளே! உங்களுக்கும் பொண்ணு இருக்காளா அண்ணா?" "இருக்காம்மா" என்கிறான், குழந்தையை மெதுவாக நீட்டியபடி. "நான் வீட்டுல இருந்தா போதும், என் கையை விட்டு இறங்கவே மாட்டா."