சுற்றுக்கு இருபத்து நான்கு மீட்டர்

பதினெட்டுக் கொடிக்கயிறு. அதற்கு மேல் ஒரு டேப்.

அவ்வளவுதான் மைதானம்.

அவள் சுண்ணாம்புக் கோட்டருகே குந்தி உட்கார்ந்து குச்சியால் மண்ணில் கணக்குப் போட்டாள். அம்மாவின் தையல் டேப் அறுபது அங்குலம். அதாவது ஒன்றரை மீட்டரும் ஒரு விரற்கடையும். டேப்பால் பத்து முறை அளந்து வெட்டிய கொடிக்கயிறு பதினைந்தேகால் மீட்டர். விடிந்ததிலிருந்து அந்தக் கயிற்றைத்தான் ஓடுபாதை நெடுகப் போட்டுப் போட்டு எடுத்தாள்.

ஒரு சுற்று இருநூற்று எழுபத்தாறு மீட்டர்.

பள்ளிக்கூடச் சுவரில் நீலப் பெயிண்டில் 300 மீ என்று எழுதியிருந்தது. புதுக் கழிப்பறை கட்டியபோது பாதையை உள்ளே தள்ளிப் போட்டார்கள். சுவரிலிருந்த எண்ணை யாரும் தொடவில்லை.

சுற்றுக்கு இருபத்து நான்கு மீட்டர் குறைவு. ஐந்து சுற்றுக்கு நூற்று இருபது.

அவள் வேகத்துக்கு அது இருபத்தைந்து விநாடி.

ஆயிரத்து ஐந்நூறு மீட்டரை இங்கே அவள் நாலு நிமிஷம் நாற்பத்தெட்டு விநாடியில் ஓடினாள். விளையாட்டு வாத்தியார் ஜெபராஜ் சாரின் ஸ்டாப் வாட்ச் அப்படித்தான் சொன்னது. போன மாதம் மாவட்டப் போட்டியில் ஐந்து பதின்மூன்று.

கழித்துப் பார்த்தாள்.

இருபத்தைந்து. ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை.

மாவட்டத்தில் ஆறாவதாக வந்தாள். முதல் மூன்று பேர் மாநிலப் போட்டிக்குப் போனார்கள். பன்னிரண்டாம் வகுப்புக்காரிக்கு இனி அடுத்த வருடம் கிடையாது. விளையாட்டு ஒதுக்கீட்டில் காலேஜ் சீட் நிச்சயம் என்று வீடு தேடி வந்து அம்மாவிடம் அடித்துச் சொன்னவரே சார்தான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சொன்னார்.

“கூட்டத்தப் பாத்துப் பயந்துட்ட பாப்பா.”

நம்பினாள். ஒரு மாதம் தன்னைக் கோழை என்று தானே திட்டிக்கொண்டாள். அம்மா தர்காவுக்குக் கூட்டிப்போய், பயம் தெளிய ஓதிக் கையில் கறுப்புக் கயிறு கட்டிவிட்டாள்.

அந்தக் கயிற்றை இப்போது பார்த்தாள்.

பயமே இல்லை. தூரம்தான்.

சாருக்குத் தெரிந்திருக்காது என்று ஒரு நிமிடம் நினைத்தாள். அப்படி இருந்துவிடக் கூடாதா என்று வேண்டவும் செய்தாள்.

மொபெட் வந்து நின்றது. சார் கையில் சுண்ணாம்பு வாளி. திங்கட்கிழமைதோறும் கோடு போடுவது அவர்தான். கொடிக்கயிற்றைப் பார்த்தார். மண்ணிலிருந்த கணக்கைப் பார்த்தார். என்ன இது என்று கேட்கவில்லை.

கேட்டிருந்தால்கூடத் தேவலை.

“உண்மையான டைமச் சொல்லியிருந்தா மறுநாள் நீ கிரவுண்டுக்கே வந்திருக்க மாட்டியே பாப்பா.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்ததும் அல்லாமல், உனக்காகத்தான் மறைத்தேன் என்கிறார். மாநிலம் போனது, காலேஜ் போனது. அதைக்கூட அவள் ஆற்றிக்கொள்வாள். எல்லாம் தெரிந்தே பஸ்ஸில் உட்கார்ந்து அவளைப் பயந்தவள் என்று சொன்னாரே, அதுதான் நெஞ்சில் நின்று எரிந்தது.

அவள் செருப்பைக் கழற்றி எடுத்துக்கொண்டு கோட்டைத் தாண்டி நடந்தாள். கொடிக்கயிற்றை எட்டு முறை போட்டு, எட்டாவதின் முனைக்குச் சற்று முன்னால், நூற்று இருபதாவது மீட்டரில் செருப்பை வைத்தாள். திரும்பி வந்து கோட்டில் நின்றாள்.

சார் விசில் ஊதினார்.

முதல் சுற்று. இரண்டு. மூன்று. நான்காவதில் விலா குத்தியது. ஐந்தாவது முடிந்து கோட்டைத் தாண்டும்போது வாட்ச் ‘டிக்’ என்றது.

கால் நிற்கவில்லை.

ஒன்று, இரண்டு என்று உதட்டுக்குள் எண்ணிக்கொண்டே ஓடினாள். பின்னாலிருந்து சார் ஏதோ கத்தினார்.

செருப்பை எட்டியபோது இருபத்து மூன்று.

முழங்காலில் கையூன்றி நின்றாள். மூச்சு அடங்கவில்லை.

“நாலு நாப்பத்தாறு பாப்பா!” வாட்சைத் தூக்கிக் காட்டினார். எப்போதும் போலவே முகமெல்லாம் சிரிப்பு.

நாலு நாற்பத்தாறும் இருபத்து மூன்றும். ஐந்து ஒன்பது. மாவட்டத்தில் ஓடியதைவிட நான்கு விநாடி குறைவு.

செருப்பை மாட்டிக்கொண்டாள்.

அவரிடம் சொல்லவில்லை.